குளிர்சாதனம் இல்லாத கலைக்கூடம்: இனுஜிமா செய்ரென்ஷோ கலை அருங்காட்சியகம்

இனுஜிமா செய்ரென்ஷோ கலை அருங்காட்சியகம் ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் உள்ள இனுஜிமா என்னும் சிறு தீவில் அமைந்துள்ளது. கைவிடப்பட்ட செம்பு உருக்காலை ஒன்றின் இடிபாடுகளையே இடமாகக் கொண்டு 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதன் கட்டடக் கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சி. உள்ளே இருக்கும் படைப்புகளைச் செய்தவர் யுகினோரி யனாகி. 'செய்ரென்ஷோ' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு உலோகத்தை உருக்கிச் சுத்தம் செய்யும் ஆலை என்று பொருள். சூரிய வெப்பம், மண்ணின் குளிர்ச்சி, பழைய புகைபோக்கியின் இழுவிசை ஆகிய மூன்றையும் கொண்டே இக்கட்டடத்தின் உள்வெப்பம் சீர்செய்யப்படுகிறது. குளிர்சாதன இயந்திரம் இங்கே இல்லை.

பேண்தகு கட்டடக்கலை, அதாவது இயற்கை வளத்தை அளவறிந்து பயன்படுத்தும் கட்டடக்கலை, பற்றிப் பேசுவோர் இனுஜிமாவை அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அந்தப் பாராட்டு பெரும்பாலும் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடுகிறது. இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான துணிவு வேறிடத்தில் உள்ளது. எதைக் காட்சிக்கு வைப்பது என்ற முடிவும் எப்படிக் கட்டுவது என்ற முடிவும் இங்கே ஒன்றாக எடுக்கப்பட்டன. ஓர் அருங்காட்சியகம் எவ்வளவு ஆற்றலைச் செலவிடும் என்பதைக் கூரையைவிட உள்ளே இருக்கும் பொருள்களே அதிகம் தீர்மானிக்கின்றன என்பதற்கு இனுஜிமா தெளிவான சான்று. அதன் வலிமையும் வரம்பும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

தீவும் உருக்காலையும்

இனுஜிமா ஓக்கயாமா நகராட்சிக்கு உட்பட்ட தீவு. பரப்பளவு சுமார் அரைச் சதுர கிலோமீட்டர். இங்கே வெட்டியெடுக்கப்பட்ட கருங்கல் ஒசாக்கா கோட்டையின் மதில்களுக்குச் சென்றது. 1909இல் தீவில் செம்பு உருக்காலை தொடங்கப்பட்டது. செம்புத் தாதுவை உருக்கும்போது கந்தகப் புகை பெருமளவில் வெளியேறும். அது பயிரையும் காட்டையும் கருக்கிவிடும். ஊர்களிலிருந்து இந்தப் புகையைத் தள்ளி வைக்கவும், தாதுவைக் கப்பலில் எளிதாகக் கொண்டுவரவும் தீவு வசதியாக இருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் வந்து குவிந்தன. தீவின் மக்கள்தொகை சில ஆயிரங்களை எட்டியது. செம்பு விலை சரிந்தபோது 1919இல் ஆலை மூடப்பட்டது. பத்தே ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. இன்று தீவில் வாழ்வோர் சில பத்துப் பேர்தாம். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

ஆலை போனபின் புகைபோக்கிகளும் சுவர்களும் அப்படியே நின்றன. இடித்து அகற்றவும் யாரும் பணம் செலவிடவில்லை. செடிகொடிகள் அவற்றின்மேல் படர்ந்தன. 1990களில் இத்தீவுக்கு வந்த யனாகி இந்த இடிபாட்டைக் கலைப்படைப்பாக்க எண்ணினார். பெனெஸ்ஸே நிறுவனத்தின் சோய்ச்சிரோ ஃபுகுதாகே அதற்குத் துணைநின்றார். 2007இல் ஜப்பானியப் பொருளாதார அமைச்சகம் இந்த ஆலையை நவீனமயமாதலின் தொழில் மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இனுஜிமாவைத் தனியாகப் பார்த்தால் முழுப் பொருள் விளங்காது. அருகிலுள்ள நவோஷிமா தீவில் 1917 முதல் செம்பு உருக்காலை இயங்கிவருகிறது. அதன் புகையால் தீவின் வடபகுதிக் குன்றுகள் மொட்டையாயின. தெஷிமா தீவில் தொழிற்சாலைக் கழிவுகள் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டன. தீவு மக்கள் பல ஆண்டுகள் போராடி 2000ஆம் ஆண்டு உடன்பாடு கண்டனர். அங்கிருந்து அகற்றப்பட்ட கழிவும் மாசடைந்த மண்ணும் 9 லட்சம் டன்னுக்கு மேல். நகரங்கள் தமக்கு வேண்டாதவற்றைத் தீவுகளில் போட்டன என்பதே இக்கடலின் நூற்றாண்டு வரலாறு. இன்று இந்த மூன்று தீவுகளும் ஒரே கலைத் திட்டத்தின் கீழ் அருங்காட்சியகங்களைக் கொண்டுள்ளன. எனவே இங்கே 'பேண்தகு' என்ற சொல் வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. மண் கெட்ட இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்பவர் கணக்குக் காட்டியாக வேண்டும்.

காற்று செல்லும் வழி

கட்டடம் நான்கு பகுதிகளால் ஆனது. மண்ணுக்குள் பதிந்து செல்லும் நீண்ட இருண்ட நடை ஒன்று. கண்ணாடிக் கூரையுடைய வெயில் கூடம் ஒன்று. இவற்றுக்கு இடையே முதன்மைக் கூடம். அதை ஒட்டிப் பழைய ஆலையின் புகைபோக்கியோடு இணைந்த பகுதி நான்காவது.

இதன் இயக்கத்தை விளக்கப் பள்ளி அறிவியலே போதும். கோடையில் கிணற்று நீர் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவதற்குக் காரணம், சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் இருப்பதுதான். கோடையில் மண்ணுக்குள் செல்லும் நடைவழியே வரும் காற்று தன் வெப்பத்தைச் சுவருக்கும் தரைக்கும் கொடுத்துக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று முதன்மைக் கூடத்துக்குள் வருகிறது. அங்கிருந்து அதை வெளியே இழுப்பது புகைபோக்கி. வெப்பக் காற்று இலேசானது. உயரமான குழாய்க்குள் அது மேலேறும்போது கீழிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். விறகடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். குளிர்காலத்தில் வழி மாறுகிறது. வெயில் கூடத்தில் கண்ணாடிக்குக் கீழே சூடேறிய காற்று முதன்மைக் கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. செத்தோ கடற்பகுதி ஜப்பானில் மழை குறைவாகவும் வெயில் அதிகமாகவும் உள்ள பகுதி என்பதால் இது கைகொடுக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்று செல்லும் வழியும் பார்வையாளர் செல்லும் வழியும் ஒன்றே. வழக்கமான அருங்காட்சியகத்தில் காற்றுக்குழாய்கள் மேற்கூரைக்கு மேலும் சுவருக்குப் பின்னும் மறைந்திருக்கும். பார்வையாளருக்குத் தெரிவது வெள்ளைச் சுவர் மட்டும். இங்கே பார்வையாளர் அந்தக் குழாய்க்குள்ளேயே நடக்கிறார். யனாகியின் படைப்பு ஒன்றும் அதற்குள்ளேதான் இருக்கிறது. இருண்ட நடையில் திருப்பங்கள்தோறும் கண்ணாடிகள் நிறுத்தப்பட்டுள்ளன. ஒளி அவற்றில் பட்டுப்பட்டு வருவதால், நடப்பவர் தூரத்து வெளிச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறார். அதே நேரத்தில் காற்று குளிர்வதை அவர் தோல் உணர்கிறது. எப்படிக் குளிர்கிறது என்பதை விளக்கும் பலகை தேவைப்படாத அளவுக்கு வடிவமும் இயக்கமும் ஒன்றியிருக்கின்றன. சம்புயிச்சியின் திறமை முழுமையாக வெளிப்படும் இடம் இது.

கசடுக்கல்

செம்பை உருக்கிப் பிரித்தபின் எஞ்சும் இரும்பும் மணற்சத்தும் கலந்த கழிவே கசடு. அதை அச்சில் ஊற்றி ஆறவைத்துச் செய்யப்படும் கருங்கற்களை ஜப்பானியர் 'கராமி' கற்கள் என்பர். இனுஜிமா ஆலையின் சுவர்களும் தளங்களும் இவற்றால் கட்டப்பட்டவை. ஆலை தன் கழிவைக் கொண்டே தன்னைக் கட்டிக்கொண்டது என்று சொல்லலாம்.

கசடுக்கல் கனமானது, கறுப்பு நிறம் கொண்டது. எனவே வெயிலை நன்கு உறிஞ்சும், உறிஞ்சிய வெப்பத்தை மெல்ல வெளிவிடும். வெயில் கூடத்தில் சம்புயிச்சி இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார். வெப்பத்தைச் சேர்த்துவைக்க வெளியிலிருந்து பொருள் கொண்டுவரத் தேவையில்லாமல் போகிறது. புதுக் கட்டடம் ஒன்றின் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிடும்போது, அது இயங்குவதற்கான ஆற்றலோடு சிமெண்டு, இரும்பு முதலியவற்றை உண்டாக்கவும் ஏற்றிவரவும் செலவான ஆற்றலையும் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது கணக்கில் பழைய சுவரை அப்படியே வைத்துக்கொள்ளும் கட்டடத்துக்குத் தொடக்கத்திலேயே பெரிய மிச்சம் கிடைத்துவிடுகிறது. இருப்பதைப் பயன்படுத்தி இல்லாததை உண்டாக்குவது என்று இத்திட்டம் தன் நோக்கத்தைக் கூறிக்கொள்கிறது. கசடுக்கல்லைப் பொறுத்தவரை அந்தக் கூற்று உண்மையே.

ஆனால் கல்லின் அழகு அதன் வரலாற்றை மறைக்கவும் கூடும். கருமை மின்னும் சுவரும், அதன்மேல் பசுங்கொடியும், பின்னணியில் நீலக்கடலும் சேர்ந்தால் நல்ல நிழற்படம் கிடைக்கும். அந்தக் கல் ஒவ்வொன்றும் ஒரு நாளின் கந்தகப் புகைக்கும் ஒரு தொழிலாளியின் வேலைக்கும் எஞ்சிய அடையாளம் என்பதைப் படம் சொல்லாது. இடிபாடுகளை அருங்காட்சியகமாக்கும் எல்லா இடங்களுக்கும் உள்ள ஆபத்து இது. யனாகி இதை உணர்ந்தே எழுத்தாளர் யுக்கியோ மிஷிமாவைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. ஜப்பானின் நவீனமயமாதலைக் கடுமையாக எதிர்த்து 1970இல் தற்கொலை செய்துகொண்டவர் மிஷிமா. அவர் முன்பு வாழ்ந்த தோக்கியோ வீடு ஒன்று பிரிக்கப்பட்டபோது கிடைத்த கதவு, சட்டம் முதலான பாகங்கள் முதன்மைக் கூடத்தில் தொங்கவிடப்பட்டுள்ளன. உருக்காலைக்குள் இந்த வீட்டுப் பாகங்களைக் காண்பவர், வளர்ச்சி என்ற சொல்லுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்று கேட்காமல் வெளியேற இயலாது. மிஷிமாவின் அரசியலை ஏற்காதவருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

ஈரப்பதம் என்னும் சிக்கல்

மண்வழிக் குளிர்விப்பு வெப்பத்தைக் குறைக்கும், ஈரத்தைக் குறைக்காது. இதை ஒரு கணக்கால் காட்டலாம். 32 பாகை செல்சியசில் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் கொண்ட கோடைக் காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தால், அதே நீராவி அளவுக்கு அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 85 விழுக்காடாக உயரும். குளிர்ந்த காற்றால் குறைவான நீராவியையே தாங்க முடியும் என்பதே காரணம். குளிர்சாதன இயந்திரம் காற்றை மேலும் குளிர்வித்து நீரைப் பிரித்தெடுத்துவிட்டு, தேவையான அளவுக்கு மீண்டும் சூடாக்கி அனுப்பும். அருங்காட்சியகங்களின் மின்செலவில் பெரும்பகுதி இந்த வேலைக்கே போகிறது. மண்ணும் புகைபோக்கியும் இதைச் செய்யா.

ஓவியத்தாளும் மரப்பலகையில் தீட்டிய ஓவியமும் 85 விழுக்காடு ஈரத்தில் நெடுநாள் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், உப்பும், உரியும். ஆகவே இனுஜிமாவில் அவற்றை வைக்க முடியாது. அங்கே இருப்பவை எவை? தீவின் கருங்கல், கசடு, கண்ணாடி, பழைய வீட்டின் பாகங்கள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் ஈரத்தால் பெரிய கேடில்லை. வீட்டுப் பாகங்களோ ஜப்பானியக் கோடையிலும் மாரியிலும் இயந்திர உதவியின்றி நெடுங்காலம் இருந்து பழகியவை. தான் பிறந்த காற்றிலேயே இருக்கக்கூடிய பொருளைக் கலைஞர் தேர்ந்தெடுத்தார். அதனால் கட்டடக் கலைஞர் இயந்திரத்தைத் தவிர்க்க முடிந்தது. இனுஜிமாவைப் புகழும் கட்டுரைகளில் இந்த உடன்பாடு பேசப்படுவது குறைவு. புகைபோக்கியைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

50 விழுக்காடு எங்கிருந்து வந்தது

உலகின் பெரும்பாலான கலை அருங்காட்சியகங்கள் சுமார் 20 பாகை வெப்பம், 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் என்ற அளவை நெடுங்காலமாகப் பின்பற்றிவந்தன. இந்த அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வேல்சிலுள்ள மானொட் கற்சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சுரங்கத்துக்குள் கட்டிய அறைகளின் காற்றைச் சூடாக்கி உலர்த்தினர். சுமார் 17 பாகை வெப்பமும் 42 விழுக்காடு ஈரப்பதமும் மாறாமல் காக்கப்பட்டன. அங்கிருந்தவரை ஓவியங்களில் வண்ணம் உரிவது பெரிதும் குறைந்தது. 1945இல் இலண்டன் திரும்பியபின் மீண்டும் உரியத் தொடங்கியது. மாறாத காற்றே ஓவியத்துக்கு நல்லது என்ற பாடத்தை இது தந்தது. காட்சிக்கூடங்களில் குளிர்சாதனம் பரவ இதுவும் ஒரு காரணமாயிற்று.

அதே ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகர் காரி தாம்சன் 1978இல் வெளியிட்ட நூல் இந்த அளவுகளை எண்களாக வகுத்தது: ஈரப்பதம் 50 அல்லது 55 விழுக்காடு, ஏற்ற இறக்கம் 5 விழுக்காட்டுக்குள். அந்தக் குறுகிய வரம்பு, பொருளுக்கு வரும் கேட்டை முழுதும் அறிந்து வகுத்ததைவிட, இயந்திரத்தால் எட்டக்கூடியது எது என்பதை ஒட்டி வகுத்தது என்று தாம்சனே கூறியுள்ளார். ஆனால் பரிந்துரை காலப்போக்கில் விதியானது. ஓவியத்தை இரவல் தரும் நிறுவனம் இந்த எண்களை ஒப்பந்தத்தில் எழுதியது. இரவல் வாங்க விரும்பிய ஒவ்வோர் அருங்காட்சியகமும் அவற்றைக் காப்பாற்றும் இயந்திரத்தை வாங்கியது. வெப்பநாட்டிலும் குளிர்நாட்டிலும் ஒரே எண்தான். பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிசோ குழு பின்னர் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 பாகை வெப்பம் என்று வரம்பை விரித்தது. ஆற்றல் செலவைக் குறைப்பது அதன் வெளிப்படையான நோக்கம். எந்தச் சூரியத் தகடும் பதிக்காமல், எண்ணை மாற்றுவதால் மட்டுமே ஆற்றலை மிச்சப்படுத்தலாம் என்பதை நிறுவனங்களே ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

கிராண்டு ராப்பிட்ஸ்: மற்றொரு வழி

இனுஜிமா திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2007 அக்டோபரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்டு ராப்பிட்ஸ் கலை அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. கொடையாளர் பீட்டர் வீகி 2 கோடி டாலர் தந்தபோது கட்டடம் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' தங்கச் சான்றைப் பெற்ற முதல் புதிய கலை அருங்காட்சியகம் என்ற பெயர் இதற்கு உண்டு. மழைநீர் சேகரிக்கப்பட்டுக் கழிப்பறைகளுக்கும் செடிகளுக்கும் பயன்படுகிறது. வெளியேறும் காற்றிலுள்ள வெப்பம் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரப்படுகிறது. மேல்தளக் கூடங்களுக்குக் கூரைவழிப் பகலொளி வருகிறது. அருகே கலைஞர் மாயா லின் வடிவமைத்த பொதுத் திடல் உள்ளது. அருங்காட்சியகத்தின் முகப்புக் கூரை அதை நோக்கி நீண்டு நகரத்தோடு கைகோக்கிறது.

இங்கே எடுக்கப்பட்ட முடிவு இனுஜிமாவுக்கு நேர்மாறானது. நகரத்து அருங்காட்சியகம் பலவகை ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் வைத்திருக்க வேண்டும், பிற ஊர்களிலிருந்து இரவல் வாங்க வேண்டும். எனவே காற்றைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்தை விட முடியாது. அதைச் சிக்கனமாக இயக்குவதே வழி. அந்த வரம்புக்குள் கிராண்டு ராப்பிட்ஸ் செய்தது பாராட்டுக்குரியது. ஆனால் சான்றளிக்கும் முறை, ஒரே தேவையை நிறைவேற்றும் இரண்டு கட்டடங்களில் எது சிக்கனமானது என்று அளக்கவல்லது. அந்தத் தேவையே இவ்வளவு வேண்டுமா என்று கேட்காது. இனுஜிமா கேட்ட கேள்வி அதுதான். மறுபுறம், ஒரு நகரத்தின் குழந்தைகள் பல காலத்து ஓவியங்களை நேரில் காணும் வாய்ப்பைக் கிராண்டு ராப்பிட்ஸ் தருகிறது. இனுஜிமாவால் அதைத் தர முடியாது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைசொல்வது பொருந்தாது. எதற்காக எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும் என்பதை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அறியலாம்.

நிலவெளி

இனுஜிமாவில் கட்டடம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். கூடத்தின் பெரும்பகுதி மண்ணோடு பதிந்து கிடக்கிறது; மேலே உயர்ந்து நிற்பவை பழைய புகைபோக்கிகள்தாம். அருங்காட்சியகத்தின் கழிவுநீர் தாவரங்களின் துணையால் சுத்தம் செய்யப்படுகிறது. நூறாண்டுக்கு முன் புகையும் கசடும் வெளியேறிய அதே இடத்தில் இன்று வெளியேறும் நீரைச் செடி வாங்கிக்கொள்கிறது. நிலவெளி வடிவமைப்பு இங்கே கண்ணுக்கு விருந்து படைப்பதோடு நிற்காமல் ஆலை செய்யாமல் விட்ட வேலையைச் செய்கிறது.

அருங்காட்சியகத்துக்கு வெளியே ஊருக்குள் 2010 முதல் கட்டடக் கலைஞர் கசுயோ செஜிமா சிறுசிறு காட்சிக்கூடங்களை அமைத்துவருகிறார். 2016இல் கைவிடப்பட்ட பழைய கண்ணாடிப் பசுமைக்குடிலைச் சீர்செய்து, மலரும் மூலிகையும் காயும் வளரும் தோட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. இவ்வகையில் தெஷிமா இன்னும் ஒரு படி முன்னே நிற்கிறது. ரியூ நிஷிசாவா வடிவமைத்து 2010இல் திறக்கப்பட்ட தெஷிமா கலை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பாழ்பட்டுக் கிடந்த அடுக்கு நெல்வயல்கள் தீவு மக்களின் ஒத்துழைப்போடு மீண்டும் உழப்பட்டன. நெல்வயல் ஆண்டுதோறும் வேலை கேட்கும். ஓராண்டு விட்டால் களை மண்டும், வரப்பு சரியும். ஆகவே அங்கே நிலவெளியைப் பேணுவது என்பது மனிதர் தீவில் தொடர்ந்து வாழ்வதைப் பொறுத்தது.

இனுஜிமாவின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. அங்கே வேலை செய்யும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன. தோட்டம் வைக்க வடிவமைப்பாளர் வரலாம். களை பறிக்க ஆள் வேண்டும். கட்டடம் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும், தீவு தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. தீவு மக்களின் எண்ணிக்கை சரிவதை அருங்காட்சியகத்தால் தடுத்துவிட முடியவில்லை. இதைக் கட்டடக் கலைஞரின் குறை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் 'பேண்தகு' என்ற சொல்லில் மனிதரையும் சேர்ப்பதானால், இந்தக் கணக்கை விட்டுவிட்டு வெற்றி கூற முடியாது.

எதிர்வாதங்கள்

இனுஜிமாவுக்கு எதிராக மூன்று வாதங்களை வைக்கலாம். முதலாவது, இது அருங்காட்சியகமே அன்று, ஒரே கலைஞரின் நிலையான படைப்பு. எனவே பிறருக்குப் பாடமாகாது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. காட்சிப் பொருள் மாறாத இடத்தில் காற்றை அதற்கேற்ப அமைப்பது எளிது. ஆயினும் எல்லா அருங்காட்சியகங்களிலும் எல்லாப் பொருளும் ஓவியமாக இருப்பதில்லை. உப்பேறாத கல்லும் சுட்ட மண்ணும் ஈர ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மரத்துக்கு ஈரம் ஏறி இறங்குவது ஆகாது. அரிப்பு தொடங்கிய வெண்கலத்துக்கு ஈரமே ஆகாது. பொருளின் தன்மைக்கேற்ப அறைகளைப் பிரித்து, தேவைப்படும் அறைக்கு மட்டும் இயந்திரம் வைக்கும் முறை எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரே எண்ணைக் கட்டடம் முழுவதற்கும் விதிக்காமல் இருப்பதே இனுஜிமாவிலிருந்து எடுத்துச் செல்லக்கூடிய பாடம்.

இரண்டாவது, இயற்கைக் காற்றோட்டம் இந்த ஓரிடத்தின் தற்செயலான வாய்ப்பு என்பது. அங்கே ஏற்கெனவே புகைபோக்கி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் சம்புயிச்சி 2015இல் நவோஷிமாவில் கட்டிய ஊர்ப்பொது மண்டபத்தில் புகைபோக்கி இல்லை. ஊருக்குள் காற்று வீசும் திசையை அளந்து, மரபான ஜப்பானியக் கூரை வடிவத்தில் முக்கோணத் திறப்பு வைத்து, காற்றைக் கூரைவழி ஊடுருவச் செய்தார். கருவி மாறியது, கேட்கும் கேள்வி மாறவில்லை: இந்த இடத்தில் காற்றும் நீரும் வெயிலும் எப்படி நகர்கின்றன? அதைத் தெரிந்துகொண்ட பின்பே சுவர்.

மூன்றாவது வாதம் கனமானது. பார்வையாளர் பலர் தொலைவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வானூர்தி, தொடருந்து, படகு ஏறி வருகின்றனர். 2010இல் தொடங்கிய செத்தோச்சி கலைத் திருவிழா இந்த வரவைப் பெருக்கியது. குளிர்சாதனத்தில் மிச்சப்பட்ட ஆற்றலைப் பயணம் விழுங்கிவிடாதா? இதற்குத் தப்பிக்கும் விடை இல்லை. படகின் கொள்ளளவு கூட்டத்துக்கு ஓர் எல்லை வகுக்கிறது, அவ்வளவே. சுற்றுலாவை நம்பி நிற்கும் எந்தப் பசுமைக் கட்டடமும் இந்தக் கேள்விக்கு உட்பட்டதுதான். கட்டடத்தின் வாசலோடு கணக்கை முடித்துக்கொள்ளும் பழக்கத்தைச் சான்றளிக்கும் அமைப்புகளும் விமரிசகர்களும் விட வேண்டும்.

மதிப்பீடு

இனுஜிமா செய்ரென்ஷோ கலை அருங்காட்சியகம் கட்டடக்கலைப் படைப்பாக முழுமையான வெற்றி. கழிவாகப் போன கல்லும் பயனற்றுப்போன புகைபோக்கியும் அங்கே மீண்டும் வேலை செய்கின்றன. கலைக்கும் கட்டடத்துக்கும் இடையே முரண் இல்லை. தீவின் சமூகத்தைக் காக்கும் முயற்சியாகப் பார்த்தால் அது முடிவுறாத ஒன்று. பிற அருங்காட்சியகங்களுக்கு முன்மாதிரியாகப் பார்த்தால், புகைபோக்கியையும் கறுப்புச் சுவரையும் நகலெடுப்பவர் ஏமாறுவர்.

கட்டடக்கலை பயிலும் மாணவர் ஓர் அருங்காட்சியகத்தைப் பசுமையானது என்று கேள்விப்பட்டால் கூரையைப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கலாம். உள்ளே இருக்கும் பொருள்கள் எவ்வளவு ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கும்? அந்த எல்லையை வகுத்தவர் யார், எந்த ஊரின் காற்றைக் கொண்டு? ஏற்கெனவே இருந்த சுவர்களில் எவ்வளவு காப்பாற்றப்பட்டது? வெளியேறும் நீர் எங்கே போகிறது? தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர் அந்த ஊரில் வாழ்கிறாரா? இனுஜிமா இவற்றில் முதல் நான்குக்கும் நேராக விடை சொல்கிறது. ஐந்தாவதற்கு அத்தீவில் எஞ்சியிருக்கும் முதியவர்களும், இனி அங்கே குடியேற வருபவர் யாரேனும் இருந்தால் அவர்களுமே விடை சொல்ல வேண்டும்.